மூக்கில் சொட்டு விட்டு வரவைத்த சளி நிஜச் சளிக்கு ஈடாகுமா?

சளிமானி:
சளிக்கு ஜிங்க் மாத்திரைன்னு பேச்சு எடுத்தாலே ஆய்வகச் சளியைத் தூக்கிட்டு வர்றாங்க. 2000-இல் வந்த டர்னர் ஆய்வு ரெண்டு வகையையும் பார்த்தது. மூக்கில் ரைனோவைரஸ்ங்கிற சளி வைரஸை விட்டு வரவைத்த சளி, ஜிங்க் குளுக்கோனேட் சப்பினவங்களுக்கு நடுமதிப்பில் 2.5 நாள், வெத்து மாத்திரைக்காரங்களுக்கு 3.5 நாள். தானா வந்த சளியில் பலனே இல்ல. அப்போ ஆய்வகச் சளி எதுக்குச் சாட்சி?

நுண்ணோக்கி:
கடிகாரத்தைப் பாருங்க சார். ஆய்வகத்தில் வைரஸ் உள்ளே போன மணி தெரியும். வீட்டில் பிடிச்சவர் தொண்டை கரகரப்பை ஒரு நாள் பொறுத்துப் பார்த்துட்டுத்தான் ஆய்வுக்கு வர்றார். ரைனோ சளி 2, 3 நாளில் உச்சத்துக்குப் போயிடும். அந்த ஏறுமுகமே உங்க கணக்கில் விழாது. அதோட அவருக்கு வந்தது ரைனோவா, இல்ல பாராஇன்ஃப்ளூயன்சா, ஆர்எஸ்வி மாதிரி வேற சளி வைரஸா? எல்லாத்தையும் ஒரே பையில் போட்டுட்டு மருந்து வேலை செய்யலைன்னா எப்படி?

சளிமானி:
சரி, இருமலுக்கு என்ன சொல்றீங்க? மூக்கில் விட்ட சொட்டு பெரும்பாலும் மூக்கிலேயே நின்னுடுது. 1960-களில் அமெரிக்காவில் கூச் குழு காக்சாக்கி ஏ21 வைரஸைச் சொட்டாவும் கொடுத்தாங்க, நுண்தூவலா மூச்சில் இழுக்கவும் வச்சாங்க. சொட்டில் மூக்குச் சளி. தூவலில் மூச்சுக்குழாய் வரை இறங்கி இருமல். அதே வைரஸ், வழி மட்டும் வேற.

கஷாயப்பிரியன்:
ரெண்டு பேரும் ஆள் பொறுக்கலை விட்டுட்டீங்க. அந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இல்லாத, ஆரோக்கியமான ஆளாப் பார்த்துத்தான் பெரும்பாலும் சொட்டு விடுவாங்க. 1967-இல் குவால்ட்னி குழு வர்ஜீனியாவில் காப்பீட்டு ஊழியர்கள்கிட்ட பார்த்த ரைனோ சளி நடுமதிப்பில் 7 நாள், சிலருக்கு ரெண்டு வாரம். புகை பிடிக்கிறவங்களுக்கு இருமல் கூடுதல்.

நுண்ணோக்கி:
இருமல் விஷயத்தில் கூச் ஆய்வை ஒத்துக்கிறேன். ஆனா பொறுக்கல் ரெண்டு பக்கமும் நடக்குது. 1991-இல் கோஹன், டிரெல், ஸ்மித் ஆய்வில் 394 பேருக்கு வைரஸ் சொட்டு. மன அழுத்த அளவைப் பொறுத்து 74 முதல் 90 சதவீதம் பேருக்குத் தொற்று. சளின்னு கணக்கில் வந்தது 27 முதல் 47 சதவீதம்தான். தொற்றியும் தும்மாதவங்க அங்கே தெரியவர்றாங்க. வீட்டில் இருந்தா அவங்க யார் கண்ணிலும் பட மாட்டாங்க. மூக்கு ஒழுகிச் சோர்ந்தவங்க மட்டும் வந்து சேர்ந்தா நிஜச் சளி கடுமையாத்தான் தெரியும்.

சளிமானி:
அந்தக் "கணக்கில் வந்தது"தான் உதைக்குது. சளியா இல்லையான்னு முடிவு பண்ற பழைய ஜாக்சன் முறையில் 8 அறிகுறி, ஒவ்வொண்ணுக்கும் தினம் 0 முதல் 3 மதிப்பெண், 6 நாளில் 14 சேரணும். கூடவே 3 நாள் மூக்கொழுகல், இல்லேன்னா எனக்குச் சளின்னு அவரே சொல்லணும். ஒருநாள் தாமதமா வந்தவருக்கு அந்த 6 நாளை எங்கிருந்து எண்ணுவீங்க?

நுண்ணோக்கி:
தொண்டை கரகரத்த மணியிலிருந்து. முதல் நாளை அவர் ஞாபகத்தில் சொன்னதுன்னு தனி வரிசையில் எழுதி, கூட்டலில் சேர்க்காம.

சளிமானி:
அப்போ 6 இல்ல, 5 நாள்தான் கையில் இருக்கு. 14 எல்லையையும் இறக்கணும்.