ராணுவம் விட்டுச் சென்ற கடற்கரை நிலம் மனைகளாகாமல் பூங்காவானது எப்படி?

திருநகர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். ஊர் வரலாற்றில் ஆர்வமுள்ள சிலர் மதுரையில் கூடிப் பேசும் கூட்டமொன்றில், சான் பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ குறித்து நான் பேசவிருக்கிறேன். கோல்டன் கேட் பாலத்தின் தென்முனையை ஒட்டி, மேற்கே பசிபிக் பெருங்கடலும் வடக்கே விரிகுடாவின் வாயுமாக அமைந்த அந்த இடத்தில் 1776இல் ஸ்பானியர் படைத்தளம் அமைத்தனர் என்பதும், அது மெக்சிகோவின் கைக்கும் பின்பு அமெரிக்க ராணுவத்தின் கைக்கும் மாறி, 1994இல் மக்கள் பூங்காவாயிற்று என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஏறத்தாழ 1,500 ஏக்கர் நிலம், அதுவும் மனை விலை மிகவும் உயர்ந்த ஒரு நகரத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் நிலம், அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறாமல் எப்படித் தப்பியது? இங்கே ஒரு கண்மாய்க் கரையைக் காப்பதற்கே நீதிமன்றம் வரை போக வேண்டியிருப்பதால், கூட்டத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

செல்லூர்க்காரன்:

வணக்கம் அம்மா. செல்லூரில் பிறந்து வளர்ந்து, வேலை நிமித்தமாகக் கலிபோர்னியாவுக்கு வந்தவன் நான். பிரசிடியோவின் பாதைகளில் அடிக்கடி நடப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நிலம் தப்பியதற்கு முதற்காரணம், ராணுவம் வெளியேறுவதற்கு 22 ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட ஒரு சட்டம். கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி என்னும் பூங்காவை உருவாக்க 1972இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில், இந்நகரத்தின் உறுப்பினரான பிலிப் பர்ட்டன், பிரசிடியோ தனக்குத் தேவையில்லை என்று ராணுவம் என்றைக்கு அறிவிக்கிறதோ அன்றைக்கே அது அந்தப் பூங்காவோடு சேர வேண்டும் என்னும் பிரிவு இடம்பெறச் செய்தார். அப்போது ராணுவம் அங்கிருந்து போகும் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. 1989இல் மூடப்பட வேண்டிய தளங்களின் பட்டியலில் பிரசிடியோவின் பெயர் வந்தபோது, நிலத்தை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்குச் சட்டமே விடை சொல்லிவிட்டது. உங்கள் உரையில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். நிலம் காலியான பிறகு போராடத் தொடங்குவதற்கும், அது காலியாகும் முன்பே வழி அடைத்துவைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இந்த வரலாற்றின் சாரம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது கட்டம் இதைவிடக் கடினமானது. ஏறத்தாழ 800 கட்டடங்கள் பூங்காத் துறையின் தலையில் விழுந்தன. அவற்றைப் பராமரிக்க அரசு என்றென்றும் பணம் தர வேண்டுமா என்ற எதிர்ப்பு நாடாளுமன்றத்தில் வலுத்தபோது, 1996இல் பிரசிடியோ டிரஸ்ட் என்ற தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. கடலோரப் பகுதி தேசியப் பூங்காத் துறையிடம் இருக்க, உட்பகுதியின் பொறுப்பு டிரஸ்டிடம் வந்தது. 2013க்குள் அது தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ள வேண்டும், தவறினால் நிலம் விற்பனைக்குப் போகக்கூடும் என்பது நிபந்தனை. ஆகவே அதிகாரிகள் வாழ்ந்த வீடுகளும் படைவீரர் விடுதிகளும் வாடகைக்கு விடப்பட்டன. பழைய லெட்டர்மேன் ராணுவ மருத்துவமனை இருந்த இடத்தில் 2005இல் லூகாஸ்ஃபிலிம் என்ற திரைப்பட நிறுவனத்தின் வளாகம் எழுந்தது. டிரஸ்ட் தன் காலில் நின்றது, நிலமும் பிழைத்தது.

தாவரவியல் ஆசிரியர், மேலூர்:

மேலே உள்ள பதிவு நிலவுரிமையை நன்றாக விளக்கியிருக்கிறது. நிலத்தின் உயிர் பற்றியும் உங்கள் உரையில் ஒரு பகுதி இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பிரசிடியோவில் இன்று நாம் காணும் காடு இயற்கையாக வளர்ந்ததன்று. மணல்மேடும் புல்வெளியுமாகக் கிடந்த காற்றடிக்கும் நிலத்தில், மேஜர் ஜோன்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் 1883இல் வகுத்த திட்டப்படி தைலமரம், சைப்ரஸ், பைன் ஆகியவை வரிசை வரிசையாக நடப்பட்டன. சீமைக்கருவேல மரங்களை அகற்ற வேண்டும் என்று 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டபோது நம் கிராமங்களில் நடந்த விவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். வெளியிலிருந்து வந்த மரம் என்றால் வெட்டியே ஆக வேண்டும் என்பது ஒரு தரப்பு. வேரூன்றி நிழல் தருவதை ஏன் தொட வேண்டும் என்பது மறுதரப்பு. பிரசிடியோவில் இரண்டையும் இடம் பார்த்துச் செய்தார்கள். ராணுவம் நட்ட காடு அந்தத் தளத்தின் வரலாற்றுச் சின்னம் என்பதால், முதிர்ந்த மரங்களைப் பகுதி பகுதியாக அகற்றிப் புதியவற்றை நட்டு அதைப் பேணுகிறார்கள். மண்ணுக்குரிய அரிய செடிகள் எஞ்சியிருக்கும் இடங்களிலோ மரங்களை விலக்கி மணல்மேட்டை மீட்கிறார்கள். இயற்கையில் ஒரே ஒரு செடியாக எஞ்சிய ரேவன் மன்சனிட்டா என்ற குறுஞ்செடி அங்கேதான் இருக்கிறது. ஒரு செடிக்காக ஒரு சரிவையே காத்து நிற்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பிரசிடியோவின் விரிகுடாக் கரையிலுள்ள கிரிஸ்ஸி ஃபீல்டையும் மறக்க வேண்டாம். கடலேற்ற நீர் வந்து போன சதுப்பு நிலமாக இருந்த அது, 1915ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காகத் தூர்க்கப்பட்டு, 1921இல் ராணுவ விமானத்தளமாயிற்று. தார்த்தளத்தைப் பெயர்த்தெடுத்து, மண்ணைத் தோண்டி, 1999இல் விரிகுடாவின் நீரை மீண்டும் உள்ளே விட்டார்கள். தன்னார்வலர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் நாற்றுகளை நட்டார்கள். 2001இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது, நீர்ப்பறவைகள் அங்கே திரும்பத் தொடங்கியிருந்தன.

தெற்கு வெளி வீதி:

ஐயா இருவரின் விளக்கமும் அருமை. மதுரைக் கூட்டத்தில் பேசுவதால் நம் கோட்டையையும் சேர்த்துச் சொல்லுங்கள். விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டையும் அகழியும் பத்தொன்பதாம் நூற்றாண்டில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்துத் தூர்க்கப்பட்டன. அந்த வளையத்தில்தான் வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் எழுந்தன. நெரிசலில் மூச்சுத் திணறிய ஊருக்கு அது நன்மையே செய்தது. மக்கள் நன்றியோடு நிறுத்திய விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. ஆயினும் அந்த வளையத்தில் ஒரு பகுதியையாவது திறந்தவெளியாக விட்டிருந்தால், பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சிய கொத்தளம் இப்படிக் கடைகளுக்கிடையே ஒடுங்கி நிற்காது என்ற ஏக்கம் எனக்கு உண்டு. பிரசிடியோவின் முனையில் உள்ள ஃபோர்ட் பாயின்ட் என்ற செங்கற்கோட்டையை, 1937இல் முடிந்த பாலத்துக்காக இடித்திருக்கலாம். தலைமைப் பொறியாளர் ஸ்ட்ராஸ் அதன் மேலே ஒரு வளைவை அமைத்துக் கோட்டையைக் காத்தார். இரண்டின் படங்களையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள்.

திருநகர் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஓர் ஐயம். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் படைகள் இருந்த நிலத்தில் எண்ணெயும் ஈயமும் குப்பையும் புதைந்திருக்குமே, அதைச் சுத்தம் செய்தது யார்? வாடகை ஈட்டும் நிலம் பொதுமக்களுக்கு எட்டாததாகிவிடவில்லையா?

செல்லூர்க்காரன்:

சுத்தம் செய்யும் செலவு ராணுவத்தின் மீதே சுமத்தப்பட்டது, அம்மா. 1999இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ராணுவம் பத்துக் கோடி டாலர் கொடுத்தது; பழைய குப்பைக் கிடங்குகளைத் தோண்டி அகற்றும் பணியை டிரஸ்ட் ஏற்றது. அங்குள்ள மவுன்டன் லேக் ஏரியில் அருகிலுள்ள நெடுஞ்சாலையிலிருந்து ஈயம் கலந்த வண்டல் படிந்திருந்ததால், அதையும் தூர்வாரி, அந்த மண்ணுக்குரிய குளத்து ஆமைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

வாடகை குறித்த உங்கள் கவலை நியாயமானது. அங்குள்ள வீடுகளில் குடியிருக்க எளியவர்களால் இயலாது என்பதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 2022இல் நெடுஞ்சாலைச் சுரங்கங்களின் மேலே 14 ஏக்கரில் திறக்கப்பட்ட டனல் டாப்ஸ் பூங்காவுக்கு, நகரின் எந்த மூலையில் இருப்பவரும் பேருந்தில் வந்து குழந்தைகளோடு நாள் முழுவதும் இருந்துவிட்டுப் போகலாம். அங்கிருந்து பாலமும் விரிகுடாவும் தெரியும் படங்கள் என்னிடம் உள்ளன. கூட்டத்துக்கு வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.