அம்பாசடரின் பின்பக்க முனகல்: கழிவு ஆயில் அடிக்கலாமா, கூடாதா?

அம்பி96:
வணக்கம். அப்பா 1996-ல் வாங்கிய அம்பாசடர் 1800 பெட்ரோல் வண்டி. காரைக்குடியில் வீட்டோடு நிற்கிறது. மாதம் 200 கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. மூன்று மாதமாகப் பின்னால் இடது சக்கரப் பக்கம் சத்தம். வேகத்தடை ஏறி இறங்கினால் பாட்டி வீட்டுக் கதவைத் திறப்பதுபோல ‘கிரீச்’. வண்டியைக் கிளப்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சில சமயம் ‘டொக்’. மழை பெய்கிற அன்றைக்கு மட்டும் கிரீச் கேட்பதில்லை. ஒரு பட்டறையில் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மேல் கழிவு ஆயில் அடித்து அனுப்பினார்கள். இரண்டு வாரம் அமைதி, அப்புறம் முன்னைவிட மோசம். இன்னொரு இடத்தில் இரண்டு பக்கமும் பட்டை செட், ஷாக் அப்சர்வர் எல்லாம் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். கேட்கிற தொகை வண்டி விலையில் பாதி. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

வித்துத்தள்ளு:
ஓஎல்எக்ஸிலிருந்து.

நாமக்கல்லார்:
மேலே உள்ளவரை விடுங்கள். தம்பி, ஆயில் அடித்தது தப்பில்லை, அரைகுறையாக அடித்ததுதான் தப்பு. கமான் என்பது பட்டைமேல் பட்டை அடுக்கியது. பாரம் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு பட்டையும் அடுத்ததின்மேல் நகரும். நடுவில் துருவும் மண்ணும் சேர்ந்தால் முனகத்தான் செய்யும். முப்பது வருஷமாக லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன். டீசலும் ஆயிலும் கலந்து அடித்தே எத்தனையோ வண்டியை வழியனுப்பியிருக்கிறேன். உங்கள் வண்டியில் பட்டைகளுக்கு நடுவே இறங்கியிருக்காது, மேலோடு வழிந்திருக்கும். அவ்வளவுதான். ஷாக் அப்சர்வரைத் தொடவே தொடாதீர்கள்.

ரப்பர்மண்டை:
அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். லாரியையும் அம்பாசடரையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. லாரிக் கமானின் கண்ணில், அதாவது முனையில் சுருட்டிய துளையில், பெரும்பாலும் உலோக புஷ் (உள்ளே போடும் உறை) இருக்கும், கிரீஸ் நிப்பிள் இருக்கும். அங்கே எண்ணெய் பட்டால் நல்லது. அம்பாசடரில் கமானின் பின் முனையை வண்டியோடு இணைக்கும் ஆடும் தகடான ஷேக்கிளில் இருப்பது ரப்பர் புஷ். கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும், நாளடைவில் பிட்டு மாதிரி உதிரும். இரண்டு வாரம் அமைதி, அப்புறம் மோசம் என்று அவர் எழுதியதில்தான் விடையே இருக்கிறது. ரப்பர் பாகங்கள் வார்க்கிற ஒரு சிறு ஆலையில் பதினோரு வருஷம் இருந்தவன் சொல்கிறேன்.

நாமக்கல்லார்:
ரப்பர் போனால் நூறு இருநூறு ரூபாய் புஷ், மாற்றிவிட்டுப் போகலாம். பட்டை துருப்பிடித்து ஒடிந்தால்?

ரப்பர்மண்டை:
பட்டைக்கு மசகு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் பூசி மாட்டுங்கள். கழற்றாமல் வெளியே இருந்து அடித்தால், ரோட்டு மண்ணைப் பிசைந்து அரைக்கும் மாவாகத்தான் அது ஆகும். அதிலும் அளவு வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதும் கொஞ்சம் துள்ளலை அடக்குகிறது. வழவழவென்று ஆக்கிவிட்டால் அந்த வேலையும் ஷாக் அப்சர்வர் தலையில் விழும்.

கோவை பழசு:
இருவரும் கிரீச்சையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் சொன்ன ‘டொக்’ என்ன ஆச்சு? கிளப்பும்போதும் பிரேக்கிலும் வருகிறது என்றால் அது வேறு சத்தம். என் பழைய பியட்டில் இதே கதை, நான் ஆறு மாதம் கமானைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கிராஸ், அதாவது அதன் மூட்டு. அம்பி, வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் முறுக்கிப் பாருங்கள். கிராஸில் டக் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் ஆசாமி அங்கேதான். ஆட்டம் இல்லையென்றால் யூ போல்ட்டைப் பாருங்கள். ஆக்சிலையும் கமானையும் சேர்த்துக் கட்டுவது அதுதான். லூசாக இருந்தால் கிளப்பும்போது ஆக்சில் ஒரு பக்கம் இடிக்கும், பிரேக்கில் மறுபக்கம் இடிக்கும்.

அப்புறம் டிக்கியில் இருக்கிற ஜாக்கி, ஸ்பேனர் பை, தேங்காய் மூட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். சிரிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஷாக் அப்சர்வர் இரண்டையும் மாற்றிய பிறகு ஜாக்கி லிவரைக் கண்டுபிடித்தார்.

ரப்பர்மண்டை:
கிரீச்சுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். மழையில் சத்தம் போகிறது என்றால் ஈரம் எங்கேயோ உதவுகிறது. எங்கே என்பதுதான் கேள்வி. வண்டி தரையில் நிற்கும்போதே ஒருவர் பின் பம்பரை அமுக்கி அமுக்கி விடட்டும். நீங்கள் சோப்புத் தண்ணீர் பாட்டிலால் ஒவ்வொரு இடமாக நனையுங்கள். முதலில் கமானின் முன் கண். பிறகு பட்டை நுனிகள். கடைசியில் ஷேக்கிள். எந்த இடம் நனைந்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் நனைத்தால் ஒன்றும் தெரியாது.

நாமக்கல்லார்:
பாட்டிலில் தண்ணீர் அடித்துக் கண்டுபிடிக்கிறாராம்! அமுக்கும்போதே உள்ளங்கையை ஷேக்கிள் தகட்டில் வைத்தால் அதிர்வு கைக்குத் தெரியும். சரி, செய்யட்டும், செலவில்லாத வேலை. ஒன்று மட்டும் கேளுங்கள் தம்பி: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஹாலோ பிளாக் கல்லும் வைக்காதீர்கள், திடீரென்று நொறுங்கிவிடும். பள்ளம் இருக்கிற பட்டறைக்குப் போங்கள். சக்கரம் தரையில் பாரத்தோடு இருந்தால்தான் சத்தமும் வரும்.

அம்பி96:
நேற்று ஒரு பள்ளத்தில் நிறுத்திப் பார்த்தோம். தம்பி பம்பரை அமுக்கினான். முன் கண் நனைத்தேன், கிரீச் அப்படியே. பட்டை நுனிகள் நனைத்தேன், அப்படியே. ஷேக்கிள் நனைத்ததும் சத்தம் நின்றது. இரண்டு நிமிடத்தில் மறுபடி வந்தது. புஷ் விளிம்பை விரலால் கிள்ளினால் கறுப்பு மாவாக வருகிறது. ஜாயிண்ட் ஷாஃப்ட் கிராஸில் ஆட்டம் இல்லை. இடது பக்க யூ போல்ட் நட்டுகள் நான்கில் இரண்டு ஸ்பேனர் வைத்ததும் அரைச் சுற்றுச் சுற்றியது. இன்னொன்று: சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். இடது பக்கம் முக்கால் அங்குலம் தாழ்ந்திருக்கிறது.

ரப்பர்மண்டை:
கறுப்பு மாவு. வேறென்ன சொல்ல?

நாமக்கல்லார்:
புஷ் விஷயத்தில் நீங்கள் ஜெயித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முக்கால் அங்குலத்தை யாரும் கவனிக்கவில்லையே? யூ போல்ட் தானாக லூசாகாது. ஒன்று, போன தடவை சரியாக இறுக்கவில்லை. இல்லையென்றால் உள்ளே பட்டை ஏதோ ஒடிந்து கட்டு தளர்ந்திருக்கிறது. பட்டை பெரும்பாலும், எல்லாப் பட்டையையும் நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டையில்தான் கீறும். கட்டுக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. நட்டை இறுக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள், பிரித்துப் பாருங்கள்.

கோவை பழசு:
ஒத்துக்கொள்கிறேன். முக்கால் அங்குலத்தில் தரைச் சாய்வும் சேரலாம்தான். ஆனால் லூஸ் நட்டோடு சேர்த்துப் பார்த்தால் பிரிப்பதே சரி.

அம்பி96:
பிரித்தாயிற்று. மேலிருந்து இரண்டாவது பட்டையில் சென்டர் போல்ட் ஓட்டையிலிருந்து விளிம்பு வரை கீறல். பாதி துருப்பிடித்த பழைய கீறல், பாதி பளபளவென்று புதுசு. பட்டறை அண்ணன் நகத்தால் தேய்த்துக் காட்டினார். அங்கேயே நின்ற இன்னொருவர் வெல்டிங் வைத்துவிடலாம் என்றார்.

நாமக்கல்லார்:
வெல்டிங்கா! பட்டை என்பது சூடேற்றிப் பதம் கொடுத்த எஃகு. வெல்டிங் வைத்தால் அந்த இடத்துப் பதம் போய்விடும், பக்கத்திலேயே ஒடியும். முழு செட்டும் வேண்டாம். கமான் பட்டறையில் அளவு கொடுத்து அந்த ஒரு பட்டையை மட்டும் வாங்குங்கள். மற்றவற்றின் வளைவு குறைந்திருந்தால் அடித்து ஏற்றிக் கொடுப்பார்கள்.

ரப்பர்மண்டை:
இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. 1996 பட்டைகளை அடித்து வளைவு ஏற்றினால் சில மாதத்தில் மறுபடி படுத்துவிடும். ஒரு பட்டை ஒடிந்ததென்றால் கூட இருந்ததெல்லாம் அதே அளவு உழைத்தவைதான். என் வண்டியாக இருந்தால் இரண்டு பக்கமும் செட் மாற்றுவேன். இரண்டாவது பட்டறை சொன்னதில் பாதி சரி.

நாமக்கல்லார்:
மாதம் 200 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கா? லாரி அல்ல என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

கோவை பழசு:
செட்டோ ஒற்றைப் பட்டையோ, மாட்டும்போது மூன்று விஷயம். யூ போல்ட் புதிதாகவே போடுங்கள், இழுபட்டது மறுபடி பிடிப்பைத் தாங்காது. ஷேக்கிள் நட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தரையில் நின்ற பிறகுதான். தூக்கி நிறுத்தியபடி இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். 300, 400 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். இதை மறந்துவிட்டு மறுபடி டொக் என்று இங்கே வந்து நிற்பவர்கள் நிறைய.

அம்பி96:
ஒற்றைப் பட்டைதான் போட்டேன், நாமக்கல்லார் அண்ணன் பேச்சைக் கேட்டு. மற்றவற்றைத் தேய்த்து கிராஃபைட் கிரீஸ், ரப்பர்மண்டை சார் சொன்னபடி. இடது ஷேக்கிளில் புது புஷ், யூ போல்ட் நான்கு முனைக்கும் புது நட்டு. ஷாக் அப்சர்வரின் கீழ் முனையைக் கழற்றி இழுத்துப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒரே சீரான பிடிப்பு, ஒழுகலும் இல்லை. அப்படியே மாட்டிவிட்டோம். குன்றக்குடி வரை போய் வந்தேன். டொக் இல்லை. இடது பக்கம் சுத்தமாக அமைதி. ஆனால் இப்போது வலது பக்கத்திலிருந்து லேசாக ‘கிரீச்’ வருகிறது. முன்பு இடது பக்கச் சத்தத்தில் கேட்காமல் இருந்திருக்கும் போல.

ரப்பர்மண்டை:
வலது பக்கமும் அவர்கள் ஆயில் அடித்தார்களா?

அம்பி96:
அடித்தார்கள் சார்.

வித்துத்தள்ளு:
சோப்புத் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா?