15,000 ரூபாய்க்குள்ள வீடும் அலமாரியும்: ஆப்ல வாங்கறதா, நேர்ல போறதா?

மாடிவீட்டு_மல்லி
போன மாசம்தான் மேடவாக்கத்துல வாடகை வீட்டுக்கு வந்தோம். ஹால்ல பழைய சோஃபா ஒண்ணு, அவ்ளோதான். மூணு ஜன்னலுக்கு கர்ட்டன், தரைக்கு ஒரு விரிப்பு, பெட்ஷீட் ரெண்டு, எனக்கு ஆபீஸ் போக நாலு குர்த்தி, எல்லாத்துக்கும் சேத்து 15,000தான் ஒதுக்க முடியும். ஒரு ஆப்ல 349 ரூபாய்க்கு பெட்ஷீட் வாங்கினேன், காட்டன்னு போட்டிருந்துச்சு, வந்தது பாலியஸ்டர், ரெண்டு வாஷ்லயே திரி திரியா முடிச்சு விழுந்துருச்சு, ராத்திரி படுத்தா முதுகு வேர்த்து ஊத்துது. நாத்தனார் நேர்ல போய் தொட்டுப்பார்த்து வாங்குன்னு சொல்றாங்க, என் வீட்டுக்காரர் ஆப்லயே பார்த்து வாங்கினா போதும்ங்கிறார். நீங்க என்ன பண்றீங்க?

ஈரோட்டுப்பொண்ணு
நாத்தனார் சொல்றதுதான் சரி அக்கா. பெட்ஷீட்டுக்கு சென்னிமலை, கரூர், ரெண்டையும் விட்டுட்டு எங்கயும் பாக்காதீங்க. ஈரோட்ல கனி மார்க்கெட் வாரச்சந்தை திங்கக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சு செவ்வாய்க்கிழமை வரைக்கும் நடக்கும், வெளிமாநில வியாபாரிங்களே வந்து மூட்டை மூட்டையா எடுத்துட்டுப் போவாங்க. கடையில ஒரு நூலை உருவி கொளுத்திக் காட்டச் சொல்லுங்க, காட்டன்னா பேப்பர் எரியற வாசம் வந்து சாம்பலாயிரும், பாலியஸ்டர்னா உருகி மணி மாதிரி கெட்டியாயிரும். இதை எந்த ஆப்ல பண்ணுவீங்க?

சிறுசேரி_ஷிஃப்ட்
ஈரோடு போய் வர்ற செலவு எவ்ளோன்னு யாராவது சொல்லுங்க. மேடவாக்கத்துலேர்ந்து பஸ் ரெண்டு பக்கமும், சாப்பாடு, ஒருநாள் லீவு, எல்லாம் சேர்ந்தா பெட்ஷீட்ல மிச்சம் பண்ணினதுக்கு மேல போயிரும். நான் வாரத்துல ஆறு நாள் வேலை பாக்கறவ, ஞாயித்துக்கிழமை ரங்கநாதன் தெருவுல கைக்குழந்தையோட நிக்க என்னால முடியாது. ஆப்ல ஏமாந்தீங்கன்னா ரிட்டர்ன் இருக்கு, சந்தையில வாங்கினதைத் திருப்பிக் குடுக்க முடியுமா? மல்லி, நீங்க படத்தைப் பார்த்து வாங்கியிருக்கீங்க. கீழ துணி விவரத்துல 'காட்டன் பிளெண்ட்', 'கிளேஸ் காட்டன்'னு போட்டிருந்தா விட்டுருங்க, வாங்கினவங்க போட்ட போட்டோவ மட்டும் பாருங்க, ஒரு ஸ்டார் ரிவ்யூவ முதல்ல படிங்க. என் வீட்ல எல்லாமே இப்படி வாங்கினதுதான், நல்லாத்தான் இருக்கு.

திருப்பூர்_செக்கிங்
நான் பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறவன், குர்த்தி டீ-ஷர்ட் விஷயத்துல ரெண்டு பேருக்குமே ஒண்ணு சொல்றேன். 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்', அதாவது ஏற்றுமதிக்குத் தச்சு மிஞ்சினதுன்னு போர்டு வச்சதெல்லாம் சர்ப்ளஸ் கிடையாது. எங்க திருப்பூர் காதர்பேட்டை கடைகள்ல நிஜமான சர்ப்ளஸும் வரும், ஊசி ஓட்டை, சாயம் மாறினதுன்னு ஒதுக்கின செகண்ட்ஸும் வரும், லோக்கல் துணில வெளிநாட்டு லேபிள் தச்சதும் வரும், மூணும் ஒரே மேஜையிலதான் கொட்டிக்கிடக்கும். லேபிளப் பாக்காம சட்டைய தோள்பட்டையில புடிச்சு தொங்கவிடுங்க. பக்கத் தையல் நேரா இறங்காம முன்பக்கம் திரும்பிப் போச்சுன்னா கீழ வச்சிருங்க, ஒரு வாஷ்க்கு அப்புறம் இன்னும் முறுக்கிக்கும். அப்புறம் உள்பக்கம் திருப்பி கழுத்துத் தையலும் அக்குளும் பாருங்க, ஓட்டை முக்கால்வாசி அங்கதான் இருக்கும். ஆப்ல வாங்கினாலும் பிரிச்ச உடனே இதைப் பண்ணிட்டு அப்புறம் டேக்க கிழிங்க.

பவானி_தறி
விரிப்புன்னு கேட்டதால வந்தேன். எங்க அப்பா ஜமக்காளம் நெய்யறவர். 'பவானி ஜமக்காளம்'னு பேரு போட்டு பவர்லூம்ல ஓட்டினதை பாதி விலைக்கு விக்கிறாங்க, ஆப்லயும் விக்கிறாங்க, கடையிலயும் விக்கிறாங்க. 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளத்தை கைத்தறியில மட்டும்தான் நெய்யணும், பவானிக்கு 2005-06லயே புவிசார் குறியீடும் குடுத்தாச்சு, இருந்தும் காப்பி நிக்கல. அகலமான ஜமக்காளம்னா ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரே தறியில நெய்யணும், அந்த உழைப்பு விலையில இருக்கத்தான் செய்யும். வாங்கும்போது கைத்தறி முத்திரை இருக்கான்னு பாருங்க, குறுக்க ஓடற ஊடை நூல் தடிமனா, நெடுக்க ஓடற பாவு நூலை மூடியிருக்கான்னு பாருங்க, ஈர வெள்ளைத்துணியால தேய்ச்சு சாயம் ஒட்டுதான்னு பாருங்க. தயவுசெஞ்சு சந்தையில தறிக்காரங்க கிட்ட பாதிக்கு பாதி பேரம் மட்டும் பேசாதீங்க. எங்க வீட்ல நான் படிக்கும்போது விரிச்ச ஜமக்காளம் இன்னிக்கும் கிழியாம கிடக்கு.

சிறுசேரி_ஷிஃப்ட்
உங்க அப்பாவோட உழைப்பை நான் குறைச்சே சொல்லல அண்ணா. ஆனா வருஷக்கணக்கா கிழியாம உழைக்கும்ங்கிறது மொத்தமா காசு வச்சிருக்கறவங்களுக்குத்தான் சரிவரும். எனக்கு சம்பளம் 18,000, வாடகையும் பால் காசும் போக இந்த மாசம் துணிக்கு 400 தான் இருக்குன்னா நான் 400 ரூபாய் பொருளைத்தான் வாங்க முடியும், 2,000 ரூபாய் ஜமக்காளம் எவ்ளோ உழைச்சாலும் இந்த மாசம் எனக்கு அது இல்லை. அதை யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்கறீங்க.

ஈரோட்டுப்பொண்ணு
அது நியாயம்தான் அக்கா, நான் அதை யோசிக்கல. அப்போ காசே இல்லாம ஒண்ணு சொல்றேன். அம்மா பெட்டியில கட்டாத காட்டன் புடவை இருக்கும்ல, அஞ்சரை மீட்டர்னா 18 அடி. ஒரு பேனலுக்கு மடிப்போட அஞ்சரை அடி வெட்டினா மூணு பேனல் வரும், மிச்சம் ஒன்றரை அடில ஒரு குஷன் கவர். ஜன்னலுக்கு ரெண்டு பேனல்னா ரெண்டு புடவைல மல்லியோட மூணு ஜன்னலும் முடிஞ்சது. சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம், எது போட்டாலும் ஹாலே வேற மாதிரி ஆயிரும். தையல் கூலி மட்டும்தான்.

சிறுசேரி_ஷிஃப்ட்
மேற்கு ஜன்னல்னா லைனிங் வைக்காம தைக்காதீங்க. எங்க வீட்ல பழைய புடவைல தச்ச கர்ட்டன் ஒரே கோடையில வெயில் பட்டு பட்டு மடிப்போட மடிப்பா கிழிஞ்சுருச்சு.

திருப்பூர்_செக்கிங்
லைனிங்குக்கு காடாத் துணி, அதான் வெளுக்காத, சாயம் போடாத காட்டன், அது போதும்மா, மலிவு. முதல்ல தண்ணில ஊறவச்சு காயப்போட்டு அப்புறம் தைக்கணும், இல்லன்னா அது சுருங்கி புடவையையும் சேத்து இழுத்துரும்.

பவானி_தறி
அந்தத் தங்கச்சி சொன்ன 400 ரூபாய் என் மனசுல நின்னுருச்சு. முழு ஜமக்காளம்தான் வாங்கணும்னு இல்லம்மா, வாசல்ல போடற சின்ன மிதியடி சைஸ்லயும் நெய்யறோம். கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளி நேரத்துல 30 சதவீதம் தள்ளுபடி குடுப்பாங்க, அப்போ எட்டிப் பாருங்க.

மாடிவீட்டு_மல்லி
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஜன்னலை அளந்து பார்த்தேன், ரெண்டு மேற்கு, ஒண்ணு வடக்கு. அம்மாகிட்ட போன்ல கேட்டேன், மூணு காட்டன் புடவை எடுத்து வைக்கறேன்னாங்க, அதுல ஒண்ணு நான் பொறந்தப்போ வாங்கினதாம், அதை வெட்டாதடின்னாங்க. மத்த ரெண்டும் கர்ட்டன். பெட்ஷீட் இந்தத் தடவை கடையிலயே தொட்டுப்பார்த்து ரெண்டு வாங்கிடறேன், விரிப்பு தீபாவளிக்கு. குர்த்தி மட்டும் ஆப்லதான், ஆனா பிரிச்ச உடனே தையல் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை காலைல பல்லாவரம் சந்தைக்குப் போறேன், பழைய மர ஸ்டூலும் ரெண்டு செடித்தொட்டியும் கிடைக்குமான்னு பாக்கணும். சிறுசேரி, நீங்க ஷிஃப்ட் முடிஞ்சு அந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க, சேந்தே போலாம், குழந்தைய நான் தூக்கிக்கறேன்.