பப்ளிக் ஹெல்த் டென்டிஸ்ட்ரினா கேம்ப் போடறது மட்டும்தானா?

சந்தேகப்புலி:
மக்களே ஒரு டவுட். பிடிஎஸ்ல பப்ளிக் ஹெல்த் டென்டிஸ்ட்ரி (ஒரு ஆளோட பல்லை இல்லாம ஊர் மக்களோட பல் ஆரோக்கியத்தைப் பாக்கற துறை) பேப்பர் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. ஃபில்லிங், ரூட் கேனால்னு கைவேலை கத்துக்கற ஆசையில இருக்கறப்ப இது பூரா டெஃபினிஷனும் இன்டெக்ஸுமா போகுது, சீனியருங்க வேற "பரீட்சைக்கு முந்தின நாள் பாத்துக்கலாம்"ங்கறாங்க. சொத்தைப் பல்லு இருந்தா டாக்டர்கிட்ட போனா சரியாகிடும், இதுக்கு எதுக்கு தனியா ஒரு துறை? டிஎம்எஃப்டின்னு சொத்தைப் பல்லு கணக்கு எண்ணி என்னதான் பண்றாங்க?

கடவாய்ப்பல்:
"டாக்டர்கிட்ட போனா"ன்னு நீங்களே சொல்லிட்டீங்க தம்பி, போக முடியாதவன் என்ன பண்ணுவான்? 2022ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ரிப்போர்ட்படி வாய் நோய் இருக்கறவங்க கிட்டத்தட்ட 350 கோடி பேர், அத்தனை பேரையும் சேர்ல உக்கார வெச்சு ட்ரில் போட எந்த நாட்டாலயும் முடியாது. அப்படியே அடைச்சு விட்டாலும் நாள் பூரா இனிப்பு கொறிக்கற பழக்கம் மாறலைன்னா அடுத்த பல்லு ரெடியா நிக்கும். கிளினிக்ல ஒருத்தர் நோயாளி, இங்க ஊரே நோயாளி. அங்க வாயைப் பாக்கறோம் இங்க சர்வே எடுக்கறோம், அங்க ட்ரீட்மென்ட் பிளான் இங்க திட்டம், அங்க ஃபீஸ் இங்க நிதி. வைவால (வாய்மொழித் தேர்வுல) இதை கட்டாயம் கேப்பாங்க.

ராத்திரி_ட்யூட்டி:
ஃப்ளோரைடு கதையை யாரும் சொல்லலையா, இந்த துறை என்னன்னு புரிய அது ஒண்ணு போதும். 1901ல மெக்கேங்கற ஒரு பல் டாக்டர் அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊர்ல பிராக்டிஸ் பண்ணப் போறாரு, அங்கயே பொறந்து வளந்தவங்க பல்லெல்லாம் பழுப்புக் கறை, ஆனா அந்தக் கறைப் பல்லுல சொத்தை கம்மின்னு பின்னால தெரிய வருது. காரணம் பிடிபட 30 வருஷம் ஆச்சு. 1931ல ஒரு அலுமினியம் கம்பெனி கெமிஸ்ட் தண்ணிய டெஸ்ட் பண்ணித்தான் ஃப்ளோரைடுன்னு கண்டுபிடிச்சாரு. அப்புறம் டீன்ங்கற ஒரு பல் டாக்டர் ஊர் ஊரா தண்ணியையும் பிள்ளைங்க பல்லையும் ஒப்பிட்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் கிட்ட இருந்தா கறையும் பெருசா இல்ல சொத்தையும் குறையுதுன்னாரு. 1945ல அமெரிக்காவுல கிராண்ட் ராபிட்ஸ் நகரத்துல குடிதண்ணில ஃப்ளோரைடைக் கலந்தாங்க, உலகத்துலயே அதுதான் முதல். இதுல யாரும் யார் வாயிலயும் ட்ரில் வைக்கல பாருங்க.

அதுக்காக எல்லா ஊர்லயும் கலக்கணும்னு அர்த்தம் இல்ல. நிலத்தடி தண்ணில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருந்தா அங்க வேலையே தலைகீழ், ஃப்ளோரைடை எடுக்கணும். தண்ணிய டெஸ்ட் பண்ணாம "ஃப்ளோரைடு நல்லதா கெட்டதா"ன்னு சண்டை போடறது வெட்டி வேலை.

கடவாய்ப்பல்:
டிஎம்எஃப்டிக்கு வரேன். டி சொத்தை, எம் சொத்தையால போன பல்லு, எஃப் அடைச்ச பல்லு, மூணையும் கூட்டறோம், அவ்வளவுதான். ஆனா கூட்டுத்தொகையோட நின்னுடாதீங்க. ஒரு பையனுக்கு மூணும் டி, இன்னொருத்தனுக்கு மூணும் எஃப், ரெண்டு பேருக்கும் ஸ்கோர் 3தான், ஆனா முதல் பையனுக்கு வைத்தியமே கிடைக்கலைன்னு பிரிச்சுப் பாத்தாதான் தெரியும். சராசரியும் அப்படித்தான் ஏமாத்தும். 10 பிள்ளைங்கள்ல 8 பேருக்கு பூஜ்யம், ரெண்டு பேருக்கு ஆளுக்கு 5ன்னா சராசரி 1, பேப்பர்ல அந்த ஸ்கூல் ஜோரா இருக்கும், அந்த ரெண்டு பிள்ளைங்க ராத்திரி வலில அழுதுட்டு இருக்கும்.

கேம்ப் பத்தி கேட்டீங்கல்ல, பிரஷ் குடுத்து போட்டோ எடுத்துட்டு கிளம்பறதை நான் இந்த லிஸ்ட்லயே சேக்க மாட்டேன். முன்னாடி அளந்திருக்கணும், சொத்தைன்னு எழுதிக் குடுத்த பிள்ளை சிகிச்சைக்குப் போச்சான்னு பின்னாடி பாக்கணும்.

ராத்திரி_ட்யூட்டி:
+1. இன்னொண்ணு, சர்க்கரையும் புகையிலையும் பல்லை மட்டுமா கெடுக்குது, சுகர், இதயம், கேன்சர்னு எல்லாத்துக்கும் அதே காரணம்தான். அதனால பல்லுக்குன்னு தனியா கத்தறதை விட மத்த துறைகளோட சேர்ந்து இனிப்பு பானத்துக்கு வரி, ஸ்கூல்ல மிட்டாய் விக்கத் தடைன்னு போறதுதான் பலன் தரும், காமன் ரிஸ்க் ஃபேக்டர்னு புக்ல வரும்.

சந்தேகப்புலி:
நன்றி அண்ணா, இப்ப கொஞ்சம் புரியுது. அப்ப கிளிப் போடறதுக்காக எடுத்த பல்லு எம்-ல வருமா?

கடவாய்ப்பல்:
30 வயசுக்குக் கீழன்னா வராது, சொத்தையால போனது மட்டும்தான். 30 வயசோ அதுக்கு மேலயோன்னா உலக சுகாதார நிறுவன முறைல எந்தக் காரணத்துல போயிருந்தாலும் எம் தான். வயசைப் பாத்து கோட் போடுங்க.