எண்ணிட்ட பேஸ் வரிக்கான எழுத்துரு: அச்சகத்தில் எண்கள் எழுத்துகளாக மாறிவிடுகின்றன

வினா (உவர்மலை, திருகோணமலை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கும் நான், என்னிடம் பயிலும் இரு மாணவருக்காகக் இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் ஐந்தாம் தொகுதியிலிருந்து (ரோம், 1700) ஒரு சொனாட்டாவைக் கணினியில் புதிதாக எழுதி வருகிறேன். மூலப் பதிப்பில் வயலின் வரிக்குக் கீழே ஒரே ஒரு பேஸ் (தாழ்சுர) வரிதான் இருக்கிறது. அதனோடு சேரவேண்டிய சுரங்களை 6, 7, 4 3 போன்ற எண்களும், சுரத்தை அரைச்சுரம் உயர்த்தும் ஷார்ப், தாழ்த்தும் ஃபிளாட் குறிகளும் உணர்த்துகின்றன. கீபோர்ட் வாசிப்பவர் அவற்றைப் பார்த்து அந்தக் கணமே நிரப்பி வாசிக்க வேண்டும்.

இவ்வெண்களுக்கென்றே அமைந்த பழைய எழுத்துரு ஒன்றை நண்பர் ஒருவரிடம் பெற்று நிறுவி, மியூஸ்ஸ்கோர் என்னும் இசை எழுதும் மென்பொருளில் வெறும் உரையாக ஒவ்வொரு சுரத்தின் கீழும் தட்டி வைத்தேன். என் மடிக்கணினியில், கோடு வெட்டிய 6 உட்பட எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன. கோப்பை அச்சகத்துக்குக் கொண்டுபோய்த் திறந்தபோது, அந்த இடங்களில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமே இருந்தன. போகும் இடமெல்லாம் அந்த எழுத்துருவையும் எடுத்துச் சென்று நிறுவுவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

மறுமொழி (உப்புவெளி)

ஐயா, பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதத்தைப் பாமினி இல்லாத கணினியில் திறந்த அனுபவம் உங்களுக்கு நிச்சயம் இருக்கும். அங்கே ‘அம்மா’ என்ற சொல் கோப்பில் உண்மையில் பதிவாகவில்லை. சில ஆங்கில எழுத்துகள் பதிவாகி, அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருந்தது. உங்கள் பழைய எழுத்துருவும் இதையே செய்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றின் இருக்கையில் கோடு வெட்டிய 6 அமர்த்தப்பட்டிருக்கிறது. எழுத்துரு விலகியதும் அடியில் இருந்த எழுத்து வெளியே வந்துவிட்டது.

தமிழுக்கு யூனிகோட் செய்ததை இசைக்குறிகளுக்குச் செய்தது ஸ்மஃபிள் என்னும் பொது ஒழுங்கு. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2013இல் வெளியிட்ட இந்த ஒழுங்கு, யூனிகோடின் தனிப் பயன்பாட்டுப் பகுதியில் உள்ள 6,400 இடங்களுக்குள் ஒவ்வோர் இசைக்குறிக்கும் ஒரு நிலையான இருக்கையைக் குறித்துவைத்திருக்கிறது. எண்ணிட்ட பேஸுக்குரிய எண்களுக்கும், அரைச்சுரம் உயர்வதைக் காட்டும் வெட்டுக்கோட்டு எண்களுக்கும் அதில் தனித்தனி இடங்கள் உண்டு. பிரவூரா, லீலண்ட் போன்ற எழுத்துருக்கள் இந்த ஒழுங்கைப் பின்பற்றுவதால், ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தாலும் 6 என்பது 6 ஆகவே நிற்கும்.

ஆனால் உங்கள் தேவைக்கு நீங்கள் எதையும் நிறுவவே வேண்டியதில்லை. மியூஸ்ஸ்கோருக்குள்ளேயே எண்ணிட்ட பேஸுக்கென ஒரு வசதி இருக்கிறது. தட்டி வைத்த உரைகளை நீக்கிவிட்டு, பேஸ் சுரத்தைத் தெரிவு செய்து, கன்ட்ரோல் விசையோடு ‘ஜி’ விசையை அழுத்துங்கள். 6 என்று தட்டி அதன் பின் சாய்கோடு இட்டால் வெட்டுக்கோட்டு 6 கிடைக்கும். ஃபிளாட்டுக்கு ஆங்கிலச் சிறிய ‘பி’, ஷார்ப்பையும் ஃபிளாட்டையும் நீக்கும் நேச்சுரலுக்குச் சிறிய ‘எச்’, ஒன்றன் கீழ் ஒன்றாக எண்களை அடுக்க என்டர், அடுத்த சுரத்துக்குச் செல்ல இடைவெளி விசை. இவ்வாறு எழுதிய எண்களை மென்பொருள் எண்ணாகவே அறிந்துகொள்வதால், பக்க அமைப்பு மாறினாலும் அவை தமக்குரிய சுரத்தை விட்டு நகர்வதில்லை. உரையாகத் தட்டுவதில் எனக்குள்ள பெரிய குறையே, அந்தப் பிணைப்பு அங்கே இல்லை என்பதுதான்.

அச்சகத்துக்கு மியூஸ்ஸ்கோர் கோப்பைக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். எழுத்துருக்கள் அதற்குள்ளேயே பொதிந்து செல்லும். ஐயமிருந்தால், பிடிஎஃப் வாசிப்பானில் கோப்பின் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பார்க்கலாம்.

மறுமொழி (நிலாவெளி)

மேலே கூறியது சரி. பாடக்குறிப்பு ஒன்றை வேர்டிலோ லிப்ரே ஆஃபிஸிலோ எழுதும்போதுதான் எழுத்துருவை நிறுவும் தேவை வரும். அப்போது பிரவூராவை அல்ல, பிரவூரா டெக்ஸ்ட் என்பதை நிறுவுங்கள். முன்னையது ஐந்து கோடுகளின் மேல் குறிகளை வைக்கும் மென்பொருளுக்காக அளவிடப்பட்டது. பத்திக்குள் இட்டால் வரிகள் தாறுமாறாக விலகும். இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்டோஸில் வலச்சொடுக்கி ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவுக’ என்பதையே தெரிவு செய்யுங்கள், ஏனெனில் ஒருவருக்கென மட்டும் நிறுவிய எழுத்துருவைச் சில மென்பொருள்கள் கண்டுகொள்வதில்லை. நிறுவிய பின் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

நான் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் கீபோர்ட் இசையை எழுதுபவன் என்பதால் அலங்காரக் குறிகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1720இல் தம் மூத்த மகனுக்காகத் தொடங்கிய ஏட்டில் அவர் எழுதிவைத்த அட்டவணையின்படி, வெறும் அலைக்கோடு மேற்சுரத்தில் தொடங்கி இரு சுரங்களை விரைந்து மாறிமாறி வாசிக்கும் டிரில். அலைக்கோட்டைக் குறுக்கே ஒரு நேர்கோடு வெட்டினால் கீழ்ச்சுரத்தைத் தொட்டு மீளும் மோர்டென்ட். திரையில் ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டில் ஒன்றை மாற்றி வைத்தால் வாசிப்பே தலைகீழாகிவிடும். குறியின் மேல் சுட்டியை வைத்து, பெயரைப் படித்த பின்பே இழுத்து வையுங்கள்.

வினவியவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவே பழைய உரைகளை நீக்கி, முதல் இரண்டு பகுதிகளை எண்களாக எழுதி முடித்தேன். இன்னும் ஓர் ஐயம்: மூலத்தில், நாம் இன்று நேச்சுரல் இடும் சில இடங்களில் ஷார்ப் இருக்கிறது. அதை அப்படியே விடுவதா, திருத்துவதா?

மறுமொழி (உப்புவெளி)

அது அச்சுப்பிழை அன்று, ஐயா. அக்கால வழக்கில் ஃபிளாட்டை நீக்கி உயர்த்தவும் ஷார்ப் பயன்பட்டது, ஷார்ப்பை நீக்கித் தாழ்த்தவும் ஃபிளாட் பயன்பட்டது. எண்ணில்லாமல் தனித்து நிற்கும் குறி பேஸிலிருந்து மூன்றாம் சுரத்தைச் சுட்டும். உங்கள் மாணவர் இன்றைய முறையில் பயின்றவர்கள் ஆதலால், அவர்களுடைய பிரதியில் நேச்சுரலாக மாற்றி, மாற்றிய இடங்களை முதற்பக்கத்தின் அடியில் குறித்துவிடுங்கள். மூலக் குறிகளோடு ஒரு கோப்பை நீங்கள் தனியே சேமித்து வைத்திருப்பது நல்லது.