2012 ரிசீவர், புது 4கே டிவி: எந்த டிஸ்க் பிளேயர் வாங்கலாம்?

கேள்வி:

வணக்கம். ஒரு வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வீடு கோவையில். மாடி அறையில் 65 அங்குல எல்ஜி ஓலெட் டிவி, ஆடித் தள்ளுபடியில் வாங்கி மாட்டியது. ஸ்பீக்கரும் ஏவி ரிசீவரும் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) 2012-இல் வாங்கியவை. 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), எச்டிஎம்ஐ 1.4 (படமும் ஒலியும் போகும் கேபிள் இணைப்பின் பழைய வகை). இன்றும் கணீரென்று இருக்கிறது, அதை மாற்ற மனசும் இல்லை, இப்போதைக்குப் பணமும் இல்லை. பழைய டிவிடி பிளேயர் மட்டும் போன மாதம் தட்டை வெளியே தள்ளாமல் நின்றுவிட்டது.

கையில் இருப்பவை: அப்பா சேர்த்த தமிழ்ப்பட டிவிடிகள் இருநூறுக்கு மேல், ஒரு பை நிறைய விசிடி, ஆடியோ சிடி கொஞ்சம், நான் வாங்கிய புளூரே முப்பது, 4கே டிஸ்க் ஆறு. அப்பாவுக்கு 74 வயது. ஆப் திறந்து தேடிப் படம் பார்ப்பது அவருக்குச் சரிப்படவில்லை. டிஸ்க் என்றால் அட்டையைப் பார்த்து அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார். அதனால்தான் இந்த அவசரம்.

மூன்று வழி தெரிகிறது. ஒன்று, இங்கே ஒரு கடையில் சோனி எக்ஸ்700 என்ற 4கே பிளேயர் இருக்கிறது. இரண்டு, பொங்கலுக்கு நியூஜெர்சியிலிருந்து மச்சான் வருகிறார், பானசோனிக் யூபி820 என்ற 4கே பிளேயர் வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். மூன்று, நண்பர் ஒருவர் தன் டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5-ஐ விற்கிறார். எது சரி?

பதில் 1:

சார், பிளேஸ்டேஷனை முதலில் தள்ளி வையுங்கள். அது ஆடியோ சிடியே எடுக்காது. 4கே டிஸ்க் ஓடும், ஆனால் டால்பி விஷன் (காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் பட முறை) கிடையாது, உங்கள் டிவியில் அது இருந்தும் பயனில்லாமல் போகும். அதைவிடப் பெரிய சிக்கல், அதில் எச்டிஎம்ஐ அவுட் ஒன்றுதான்.

உங்கள் விஷயத்தில் எல்லாமே இந்த இடத்தில்தான் முடிவாகிறது. 2012 ரிசீவர் வழியாக 4கே எச்டிஆர் படம் (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் விவரத்தோடு தெரியும் வகை) போகாது. 4கே டிஸ்க் கேட்கும் எச்டிசிபி 2.2 என்ற காப்பித் தடுப்புப் பூட்டும் அதில் இருக்காது. பிளேயரை ரிசீவரில் செருகி அங்கிருந்து டிவிக்கு எடுத்தால் படம் 1080பி-க்கு (சாதா புளூரே தரம்) இறங்கும், இல்லாவிட்டால் திரையே கறுப்பாக இருக்கும். சரி, பிளேயரை நேராக டிவியில் செருகி ஒலியை ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியே ரிசீவருக்குக் கொண்டுவரலாமே என்றால், பழைய ஏஆர்சி-யில் டிஸ்கின் உயர்தர ஒலி வகைகளான ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் எதுவும் முழுதாக வராது. அதற்கு அதன் மேம்பட்ட வகையான இஏஆர்சி வேண்டும், அது 2017-க்கு அப்புறம் வந்த சங்கதி.

ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டு எச்டிஎம்ஐ அவுட் உள்ள பிளேயர். ஒன்று நேராக டிவிக்கு, படத்துக்காக. இன்னொன்று ரிசீவருக்கு, ஒலிக்கு மட்டும். எக்ஸ்700, யூபி820 இரண்டிலும் இது உண்டு. ரிசீவரை மாற்றவே வேண்டாம், இன்னும் பல வருஷம் ஓட்டலாம்.

பதில் 2:

மச்சானிடம் சொல்லிவிடுவதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள். நானும் அமெரிக்காவிலிருந்து ஒரு பிளேயர் வரவழைத்தேன் (எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, தவறு என்னுடையது). பெட்டியைப் பிரித்த சந்தோஷத்தில் பின் தட்டைப் பார்க்கவில்லை. மின்கம்பி நுழையும் இடத்துக்கு மேலே, நகம் அளவு எழுத்தில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. பின்னை மாற்றும் அடாப்டரைப் போட்டு நம் ஊர் 230-இல் செருகினேன். டப் என்று ஒரு சத்தம், கருகின வாசனை, அவ்வளவுதான். அதில் 100–240 என்று இருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே கூடாது.

அப்புறம் ரீஜன், அதாவது எந்தப் பகுதியின் டிஸ்க் எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்ற பூட்டு. 4கே டிஸ்கில் ரீஜன் பூட்டு கிடையாது, அது எங்கே வாங்கினாலும் ஓடும். சாதா புளூரேயில் உண்டு: இந்தியா சி, அமெரிக்கா ஏ. டிவிடியில் இந்தியா 5, அமெரிக்கா 1. உங்கள் முப்பது புளூரே அட்டைகளின் பின்பக்கத்தைப் பாருங்கள், அறுகோணக் கட்டத்துக்குள் எழுத்து இருக்கும். ஏபிசி என்றோ, ஏ சேர்ந்தோ இருந்தால் கவலையில்லை. சி மட்டும் என்றால் அமெரிக்க பிளேயர் அதைத் திருப்பித் துப்பும். தமிழ்ப்பட டிவிடிகளில் நிறைய ஆல் ரீஜன் வகை, அவை தப்பிக்கும். ஆனால் இங்கே எடுத்த கல்யாண டிவிடிகள் பிஏஎல் (நம் ஊர் டிவிக்கான பட முறை) முறை, அமெரிக்க மாடல்கள் பலவும் அதை ஏற்பதில்லை. அப்பா அதைத்தானே முதலில் போடுவார்?

பதில் 3:

படத் தரத்தில் யூபி820 ஒரு படி மேல் என்பது உண்மை. டால்பி விஷன் டிஸ்க் என்றால் அதுவே கண்டுகொண்டு மாறும். எக்ஸ்700-இல் டால்பி விஷனை நாமே மெனுவில் போட வேண்டும். போட்டபடி விட்டால் சாதாரண டிவிடியையும் டால்பி விஷனாக மாற்றி அனுப்பும், நிறம் சரியாக இருக்காது. யூபி820-இன் எச்டிஆர் ஆப்டிமைசர் (திரையின் வெளிச்சத்துக்கு ஏற்ப எச்டிஆர் படத்தைச் சரிசெய்யும் வசதி) புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். ஓலெட் டிவிக்கு அது அவ்வளவு அவசியமில்லை.

ஆறு டிஸ்க்குக்காகப் பொங்கல்வரை காத்திருந்து, டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி, ரீஜனுக்குப் பயந்துகொண்டு இருப்பதைவிட, உள்ளூரில் வாரண்டியோடு கிடைக்கும் எக்ஸ்700-ஐ வாங்குங்கள் என்பேன். டால்பி விஷனை அணைத்தே வையுங்கள். சாதாரண எச்டிஆர் வகையான எச்டிஆர்10 உங்கள் டிவியில் அருமையாகவே இருக்கும். நீங்கள் படம் பார்க்கும் ராத்திரிகளில் மட்டும் டால்பி விஷனைப் போட்டுக்கொள்ளலாம்.

யாராவது பழைய ஓப்போ டிஸ்க் பிளேயர் வாங்கச் சொன்னால் யோசியுங்கள். அற்புதமான மெஷின்தான், ஆனால் 2018-இலேயே பிளேயர் செய்வதை நிறுத்திவிட்டார்கள், லென்ஸ் போனால் மாற்ற அலைய வேண்டும். சாம்சங் 2019-இல் விலகியது, எல்ஜி 2024-இல். தேர்ந்தெடுக்க ஆளே குறைந்துகொண்டு வருகிறது, ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 4:

விசிடியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! எந்த பிளேயர் வாங்கினாலும் அதன் மேனுவலில் விசிடி எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள். அதைவிட, டிஸ்க் தேய்ந்து போவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள் சகோ. விசிடிக்குள் எம்பெக்ஏவி (MPEGAV) என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் .DAT என்று முடியும் ஒரு பெரிய ஃபைல், படம் முழுக்க அதுதான். அப்படியே காப்பி எடுத்தால் விஎல்சி என்ற இலவச மென்பொருளில் ஓடும். என் அம்மா பாடிய கோயில் கச்சேரி ஒன்று இப்படித்தான் தப்பியது. இரண்டாவது டிஸ்க் பாதியிலேயே படிக்கவில்லை, அந்த ஒரு பாட்டு போனது போனதுதான்.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் புளூரேயில் ஒன்பதில் சி மட்டும்தான் போட்டிருக்கிறது, நல்ல வேளை அமெரிக்க பிளேயர் வாங்கவில்லை. நேற்று எக்ஸ்700 வாங்கி, சொன்னபடியே இரண்டு கேபிள் போட்டேன். படம் பிரமாதம். ஆனால் புளூரே போட்டால் ரிசீவரின் சின்னத் திரையில் வெறும் டால்பி டிஜிட்டல் என்றுதான் வருகிறது. அட்டையில் ட்ரூஹெச்டி என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. கேபிள் கோளாறா?

பதில் 1:

கேபிளைத் தொடாதீர்கள். பிளேயரின் ஆடியோ செட்டிங்ஸில் பிடி ஆடியோ மிக்ஸ் செட்டிங் என்று ஒன்று இருக்கும், அது ஆனில் இருக்கும். மெனு சத்தம், டைரக்டர் பேச்சு எல்லாவற்றையும் படத்தோடு கலப்பதற்காக அது ஒலியைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிறது, அதில்தான் தரம் இறங்குகிறது. ஆஃப் செய்யுங்கள். டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் ஆட்டோவில் இருக்கட்டும். கையோடு, டிவியில் பிளேயர் செருகிய எச்டிஎம்ஐ வாய்க்கு அல்ட்ரா எச்டி டீப் கலர் (4கே எச்டிஆர் படத்தை முழுதாக வாங்கும் செட்டிங்) ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

அதேதான்! ஆஃப் செய்தவுடன் ரிசீவரில் ட்ரூஹெச்டி என்று வந்தது. மழைக் காட்சி ஒன்றில் பின் ஸ்பீக்கரில் தகரக் கூரை சத்தம் தனியாகக் கேட்கிறது, இத்தனை வருஷம் அது இருப்பதே தெரியாது. டீப் கலர் ஆனில்தான் இருக்கிறது.

அப்பா இன்று காலை கல்யாண டிவிடியைப் போட்டார், ஓடியது. ஆனால் பழைய படங்கள் சிலவற்றில் நாலு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து படம் நடுவில் சின்னதாக நிற்கிறது. இது பிளேயர் செட்டிங்கா, டிஸ்க்கே அப்படியா?

பதில் 3:

டிஸ்க்கே அப்படி. பழைய 4:3 டிவிக்காக மேலும் கீழும் பட்டையைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிட்டார்கள், அகலத் திரையில் பக்கவாட்டிலும் பட்டை சேர்ந்துகொள்கிறது. டிவி ரிமோட்டில் ஆஸ்பெக்ட் ரேஷியோ போய் ஜூம் வைத்தால் திரை நிறையும், படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அப்பாவுக்கு அந்த ஒரு வழியை மட்டும் ஒரு தாளில் எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டிவிடுங்கள்.