பெர்லின் இருமொழிப் பள்ளி அட்மிஷன்: வெள்ளிக்கிழமைக்குள்ள பேப்பர் கேக்கறாங்க, அவசரம்

தண்டையார்பேட்டை நர்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு இங்க பெர்லின்ல ஒரு இருமொழி (ஜெர்மன், ஆங்கிலம்) இன்டர்நேஷனல் பள்ளியில அப்ளை பண்ணேன். விண்ணப்பம் முழுமையா இல்லைன்னு நேத்து மெயில் வந்துச்சு. வெள்ளிக்கிழமை கடைசி நாள். ரெண்டு வருஷ ரிப்போர்ட் கார்டு, பழைய டீச்சர் நேரா அனுப்ப வேண்டிய படிவம், தட்டம்மை ஊசிச் சான்று, அப்புறம் ஏதோ ஒரு கையெழுத்து. ஊர்ல பள்ளி லீவு, போன் எடுக்க ஆளில்ல. பாரிமுனையில ஒரு புரோக்கர் எல்லாத்துக்கும் அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லறதுக்கு அரசு போடற சான்று முத்திரை) போட எட்டாயிரம் ரூபாய் கேக்கறார். கொடுத்துடலாமா? சீட் போயிடுமோன்னு தூக்கமே வரல.

கொருக்குப்பேட்டை தம்பி:
இன்டர்நேஷனல் பள்ளி எதுக்குக்கா? அரசுப் பள்ளியில ஃபீஸே கிடையாது. மொழியை நினைச்சு பயப்படாதீங்க. முதல் ஆறு மாசம் பிள்ளைங்க வாயே திறக்காது, அப்புறம் நம்மளையே திருத்தும். அந்த ஆறு மாசம் வீட்ல தமிழ்லயே பேசுங்க, அரைகுறை ஜெர்மன் பேசிக் குழப்பாதீங்க. நவம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், வைட்டமின் டி பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

புதுவை அண்ணன், லியோன்:
அப்போஸ்டில் போட்டுடுங்க. பிரான்ஸ்ல இந்திய அப்போஸ்டில் செல்லும், ஒரு தடவை போட்டா கவலையில்ல.

ராயபுரம் கல்மண்டபம்:
அண்ணா, இது ஜெர்மனி. அப்போஸ்டிலை நாடுகள் ஏத்துக்கறதுக்கான ஹேக் உடன்படிக்கையில இந்தியா சேர்ந்தப்பவே ஜெர்மனி ஆட்சேபம் தெரிவிச்சிடுச்சு. அதனால இந்திய அப்போஸ்டிலுக்கு இங்க மதிப்பில்ல. நர்ஸ் சகோதரி, அந்த எட்டாயிரத்தைக் கொடுக்காதீங்க. இந்த மாதிரிப் பள்ளிங்க பொதுவா கேக்கறது தெளிவான கலர் ஸ்கேன், அவ்வளவுதான். மாநகராட்சி பிறப்புச் சான்றுல தமிழோட ஆங்கிலமும் இருக்கறதால இருமொழிப் பள்ளி மொழிபெயர்ப்பு கேக்கறது அபூர்வம். ஏதாவது அரசு அலுவலகம் கேட்டா மட்டும் கோர்ட்ல உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்கிட்ட போங்க.
ஆனா பையன் வயசு, எத்தனாவது படிச்சான், வீட்டுக்காரர் உங்க கூட இருக்காரா, எதுவுமே சொல்லலையே?

வியாசர்பாடி ஜீவா நகர்:
புரோக்கருங்க பயத்தைத்தான் காசாக்கறாங்க. இங்க தனியார் பள்ளிங்க சிலதும் அதேதான். விண்ணப்பக் கட்டணம் வாங்குவாங்க, சீட் இல்லன்னா திருப்பித் தர மாட்டாங்க.

கொருக்குப்பேட்டை தம்பி:
வீடும் அப்படித்தான். முகவரிப் பதிவு இல்லாம பள்ளி இல்ல, வீட்டு ஓனர் கையெழுத்து இல்லாம முகவரிப் பதிவு இல்ல.

வியாசர்பாடி ஜீவா நகர்:
மூணு மாச வாடகை டெபாசிட் வேற. எங்க போறது?

தண்டையார்பேட்டை நர்ஸ்:
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். பையன் 2018 நவம்பர். ஊர்ல ரெண்டாவது முடிச்சான், மெட்ரிக் பள்ளி. அவர் ஹார்பர்ல வேலை, இன்னும் தண்டையார்பேட்டையிலதான் இருக்கார். முகவரிப் பதிவு முடிஞ்சுது. ஆஸ்பத்திரியில சேர்ந்து ஒரு மாசம்.

ராயபுரம் கல்மண்டபம்:
இப்ப விஷயம் புரியுது. அந்த "ஏதோ கையெழுத்து" உங்க வீட்டுக்காரரோடது. பிள்ளை மேல ரெண்டு பேருக்கும் சட்ட உரிமை இருந்தா, பள்ளி ஒப்பந்தத்துல ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். படிவத்தை மெயில்ல அனுப்புங்க. அவர் பிரின்ட் எடுத்து நீல மையில கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் முதல் பக்கத்தோட ஸ்கேன் பண்ணட்டும். போன்ல சாய்வா எடுத்த படம் வேணாம், திருப்பி அனுப்பிடுவாங்க.

வகுப்பையும் சொல்லிடறேன், மனசு தயாரா இருக்கட்டும். பெர்லின்ல செப்டம்பர் 30-க்குள்ள ஆறு வயசு ஆகற பிள்ளைதான் அந்த ஆகஸ்ட்ல ஒண்ணாவது சேரும். நவம்பர் பிள்ளை அடுத்த வருஷக் கணக்கு. அதனால 2026 ஆகஸ்ட்ல உங்க பையனுக்கு அங்க ரெண்டாவதுதான். ஒரு வருஷம் வீணாச்சேன்னு சண்டை போடாதீங்க, அது அவனுக்கு நல்லதுதான். மூணாவதுக்கு மேலன்னா பல இருமொழிப் பள்ளிங்க ரெண்டு மொழியிலயும் சோதிப்பாங்க. சின்ன வகுப்புல ஜெர்மன் இல்லாமலே எடுத்துக்க வாய்ப்பு அதிகம்.

பெரம்பூர் லோகோ அக்கா:
தட்டம்மை பத்தி நான் சொல்றேன்மா. 2020 மார்ச் முதல் இங்க சட்டமே இருக்கு. ரெண்டு டோஸ் போட்டதுக்குச் சான்று வேணும். நம்ம அரசு அட்டையில எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி 9 மாசத்துல ஒண்ணு, 16 மாசத்துக்கு மேல ஒண்ணு இருக்கும். தேதியும் முத்திரையும் ரெண்டுக்கும் இருக்கான்னு பாரு. அட்டையை எடுத்துக்கிட்டுப் பக்கத்து குழந்தை டாக்டர்கிட்ட போனா, இங்கத்த மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்துல ஏத்தித் தருவார். தேதி அழிஞ்சிருந்தா ரத்தத்துல எதிர்ப்பு சக்தி பார்த்தோ, மறுபடி ஊசி போட்டோ சான்று தருவாங்க.

இன்னொண்ணு, இனிஷியல். ரிப்போர்ட் கார்டுல இனிஷியலோட ஒரு பேரு, பாஸ்போர்ட்ல அப்பா பேரு குடும்பப் பேரா விரிஞ்சிருக்கும். இங்க உள்ளவங்க ரெண்டு பிள்ளைன்னு நினைச்சுப்பாங்க. தலைமையாசிரியர்கிட்ட லெட்டர்ஹெட்ல ரெண்டே வரி வாங்கு: இந்த இனிஷியல் தகப்பனார் பேரோட முதல் எழுத்து, ரெண்டும் ஒரே மாணவன், பாஸ்போர்ட் எண் இது.

ராயபுரம் கல்மண்டபம்:
டீச்சர் படிவத்துலதான் பலரோட விண்ணப்பம் நிக்குது. பள்ளி மெயிலிலிருந்து வரணும்பாங்க. நம்ம பள்ளிங்க ஜிமெயில் வெச்சிருக்கும், அதைப் பார்த்து பெத்தவங்களே அனுப்பினதா சந்தேகப்படுவாங்க. அதே லெட்டர்ஹெட்ல "இதுதான் பள்ளியின் அலுவல் மெயில்"னு ஒரு வரி சேருங்க. லீவுலயும் பல பள்ளிங்கள்ல காலையில ஆபீஸ் திறந்திருக்கும். போன் வேணாம், ஆளை நேர்ல அனுப்புங்க.
டி.சி.யும் கேட்டு வைங்க. இந்தப் பள்ளி கேக்கலைன்னாலும், எமிஸ்ல (தமிழக அரசோட மாணவர் பதிவேடு) பையனை காமன் பூலுக்கு (பள்ளி விட்ட பிள்ளைங்க பட்டியல்) மாத்தலைன்னா, ஊர் திரும்பினா அங்க சேர்க்கறப்ப சிக்கல்.

பெரம்பூர் லோகோ அக்கா:
ஃபீஸுக்கும் வழி இருக்கு. அரசு அங்கீகாரத்தோட அரசுப் பள்ளிக்கு ஈடா நடக்கற தனியார் பள்ளிங்க, பெத்தவங்க வசதியைப் பார்த்துப் பிள்ளைங்களைப் பிரிக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டமே சொல்லுது. அதனால பல பள்ளிங்கள்ல வருமானத்துக்கு ஏத்த ஃபீஸ்தான். உன்கிட்ட வருமான வரி ஆணை இன்னும் இருக்காது, வேலை ஒப்பந்தமும் முதல் சம்பளச் சீட்டும் வை. அங்கீகாரம் இருந்தா ஃபீஸ்ல 30 சதவீதம், வருஷத்துக்கு 5,000 யூரோ வரைக்கும், வரிக் கணக்குல வருமானத்துலேர்ந்து கழிக்கலாம். சாப்பாட்டுக் காசு அதுல சேராது. ஷிஃப்ட் இருக்கே, ஸ்கூல் விட்டப்புறம் எத்தனை மணி வரைக்கும் பார்த்துப்பாங்கன்னு இப்பவே எழுத்துல கேளு.

தண்டையார்பேட்டை நர்ஸ்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. மாமனார் நாளைக்கு காலை பத்து மணிக்குப் பள்ளிக்குப் போறார். ஆனா எல்லாம் வெள்ளிக்குள்ள முடியுமா?

ராயபுரம் கல்மண்டபம்:
முடியலைன்னாலும் காத்திருக்காதீங்க. கையில இருக்கறதை இன்னிக்கே அனுப்பிட்டு, மிச்சம் எது, எந்தத் தேதிக்குள்ள வரும்னு மெயில்லயே எழுதுங்க. கூடவே உங்க பேட்டை ஷூல்ஆம்ட்லயும் (பள்ளிகளைப் பார்த்துக்கற அரசு அலுவலகம்) பையனைப் பதிஞ்சிடுங்க. பள்ளிக்கு அனுப்பறது இங்க சட்டக் கட்டாயம், தனியார் சீட் வரலைன்னா அவங்கதான் இடம் கொடுப்பாங்க. மாமனார்கிட்ட ரெண்டு வருஷ கார்டோட ஒரிஜினலையும் கொடுத்து அனுப்புங்க. முத்திரை விட்டுப்போன பக்கம் இருந்தா அங்கயே போட்டு வாங்கிடலாம்.